கதவு தட்டியவர்கள்

அக்கா மகன் ஒரு டாங்கி விளையாட்டே கதி என்று கிடக்கிறான். ஜெர்மன் பீரங்கிகளின் பெயர், குழல் விட்டம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் என் அலமாரியிலிருந்து இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்ட ஒரு ஜெர்மன் சிப்பாயின் நினைவுக்குறிப்பை எடுத்துப் புரட்டிவிட்டு, "இவங்கல்லாம் நாஜி இல்லையே மாமா, சாதாரண ஆளுங்கதானே?" என்று கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் இந்தப் புத்தகங்கள் மேல் ஒரு மயக்கம் உண்டு. குறிப்பாக டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள் எழுதியவை. தளபதிகளின் நினைவுக்குறிப்பில் வரைபடமும் அம்புக்குறியும்தான் இருக்கும். தோற்றதற்கெல்லாம் ஹிட்லர் காரணம், ஜெயித்ததற்கெல்லாம் தான் காரணம் என்பார்கள். பீரங்கிக்காரன் எழுதினால் சேறு இருக்கும்.

1941 ஜூனில் சோவியத் நாட்டுக்குள் நுழைந்த ஜெர்மன் காலாட்படைகளிடம் பெரும்பாலும் இருந்தது பாக் 36 என்ற 37 மில்லிமீட்டர் பீரங்கி. எடை 330 கிலோவுக்குப் பக்கம், நாலைந்து பேர் சேர்ந்தால் கையாலேயே இழுத்துவிடலாம். போலந்தில் அது போதுமானதாக இருந்தது. சோவியத்தின் டி-34 டாங்கியும் அதைவிடக் கனமான கேவி டாங்கியும் எதிரே வந்தபோது குண்டு பட்டுத் தெறித்து எங்கோ போனது. சிப்பாய்கள் அதற்கு 'ராணுவக் கதவு தட்டும் கருவி' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தட்டிக் கேட்கத்தான் லாயக்கு என்ற கேலி. சாவு எதிரே உருண்டு வரும்போதும் பட்டப்பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

வேலை என்னவோ காத்திருப்பதுதான். டாங்கி பக்கத்தில் வர வேண்டும், முடிந்தால் பக்கவாட்டைக் காட்ட வேண்டும். அதுவரை விரலை அசைக்கக் கூடாது. முதல் குண்டு போனதும் தீப்பிழம்பும் புழுதியும் கிளம்பி, இவர்கள் இருக்கும் இடத்தை ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். முன்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பிறகு வந்த பாக் 40 என்ற பெரிய பீரங்கி டி-34-ஐத் துளைத்தது, ஆனால் எடை ஒன்றரை டன்னுக்கு அருகில். சுடச் சுட அதன் பின்கால்கள் மண்ணுக்குள் இறங்கிவிடும். பின்வாங்கச் சொன்னால் பிடுங்க முடியாது. இழுவை வண்டி வரவில்லையென்றால் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

1942-இல் தனியாளாகக் கையடக்க ஆயுதத்தால் டாங்கியை அழித்தவருக்குச் சட்டைக் கையில் அணிய ஒரு பட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். டாங்கி எதிர்ப்புப் பிரிவுக்காரர்களுக்கு அது கிடையாது. அதுதான் உங்கள் வேலையாச்சே என்று அர்த்தம். எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய நியாயம்!

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன்.

அவன் எடுத்த புத்தகம் காட்லோப் பிடர்மன் எழுதியது. 132-ஆவது காலாட்படைப் பிரிவில் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்காரர். கிரிமியா, செவஸ்தபோல், லெனின்கிராட், கடைசியில் லாட்வியாவின் கூர்லாந்து என்று போய், 1945-இல் சரணடைந்து சோவியத் சிறையில் இருந்தவர். ஆங்கிலத்தில் 2000-இல்தான் வந்தது. முதலில் அவர் எழுதியது தன் படைப்பிரிவின் பழைய தோழர்களுக்காக. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த வகைப் புத்தகங்களை மறுபடி படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது.

தோழர்கள் படிக்கப் போகிறார்கள் என்றால் பீரங்கி நின்ற இடத்தை ஐம்பது மீட்டர்கூடத் தள்ளி எழுத முடியாது, "டேய், அது ஆற்றுக்கு இந்தப் பக்கம்" என்று ஒருவன் கடிதம் போடுவான். அதனால் துல்லியம். ஆனால் அந்த ஊர் மக்கள் என்ன ஆனார்கள் என்று அந்தக் கூட்டத்தில் எவனும் கேட்கப் போவதில்லை. கேட்காத கேள்விக்கு யார் பதில் எழுதுவார்கள்? பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லத் தேவையே வராதபடி வாசகர்கள் அமைந்துவிட்டார்கள்.

கிரிமியாவில் இருந்தபோது 132-ஆவது பிரிவு தளபதி மான்ஸ்டைனின் 11-ஆவது ராணுவத்தில் இருந்தது. அந்த ராணுவத்தின் பகுதியில், கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில், 1941 டிசம்பரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவத்தின் பின்னாலேயே போய் யூதர்களைக் கொன்ற நாஜி கொலைப்படையின் தலைவன் ஓலென்டோர்ஃப், போருக்குப் பின் நியூரம்பர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொன்னான்: பஞ்சம் வரப் போகிறது, வீடுகள் போதவில்லை, சீக்கிரம் முடியுங்கள் என்று ராணுவமே கேட்டதாம். பீரங்கிக்காரர்கள் அங்கே நின்று சுட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் செவஸ்தபோல் பக்கம் உறைபனியில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருந்த நகரம் அது.

இன்னொன்று, வீடு. இந்தப் புத்தகங்களில் குளிர்காலம் வந்தால் கட்டாயம் ஒரு விவசாயி வீட்டு அடுப்பு வரும். நனைந்த பூட்ஸைக் காய வைப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். படிக்கவே கதகதப்பாக இருக்கும். அந்த அடுப்பை மூட்டி வைத்திருந்த குடும்பம் மைனஸ் முப்பதில் எங்கே போனது? பல இடங்களில் வெளியே துரத்தப்பட்டார்கள், அதுதான் வரலாறு. பல புத்தகங்களில் வீடு மட்டும் 'காலியாக' இருக்கும்.

"சிப்பாய்க்கு அரசியல் கிடையாது" என்று இங்கே பின்னூட்டம் வரும், தெரியும். ஜெர்மனியிலும் ஐம்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1995-இல் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றி ஒரு கண்காட்சி ஊர் ஊராகப் போனபோது பலருக்கு அது தாங்கவில்லை. சில படங்களின் விளக்கம் தவறு என்று தெரிந்து, கண்காட்சியை நிறுத்தி, திருத்தி, மறுபடி 2001-இல் திறந்தார்கள். ராணுவமும் குற்றங்களில் பங்கெடுத்தது என்ற முக்கிய முடிவு மாறவில்லை.

அதற்காக இந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். பீரங்கித் தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், எழுத மனம் வந்தது அதிலும் பாதிதான் என்று தெரிந்துகொண்டு படித்தால் வேறெங்கும் கிடைக்காத விவரம் கிடைக்கிறது. பையனிடமே கொடுத்தனுப்பினேன். இன்னும் செவஸ்தபோலைத் தாண்டவில்லையாம். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது: "மாமா, பாக் 38-க்கு மொத்தம் எத்தனை பேர் வேணும்?"