தி.நகர் வீடுகளின் கூரை கான்கிரீட் அல்ல
சென்னை தி.நகரின் ஆரம்பகால வீடுகளுக்குக் கான்கிரீட் கூரை என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது பொருந்தாது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது எழுந்த வீடுகளின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் செங்கல், சுண்ணாம்புத் தட்டைக் கூரைதான். தேக்குக் கட்டைகள்மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக, சாய்கோணத்தில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். மேலே 3, 4 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள்.

இந்தக் கூரை ஒழுகினால் பலரும் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். கூரையைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது! சிமென்ட் விறைப்பானது, வெயிலில் விரிசல் விடும், உள்ளே இறங்கிய ஈரத்தையும் வெளியேற விடாது. சுவருக்குள் செருகிய கட்டை நுனிதான் முதலில் இற்றுப்போகும். பழுது பார்க்குமுன் அங்கே ஆணியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் கட்டையையே மாற்ற வேண்டும்.