இடித்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்றார்கள்

சிட்னி டவுன் ஹால் ரயில் நிலையத்தில் இறங்கினால், மழையில் நனையாமல் குவீன் விக்டோரியா பில்டிங்குக்குள் போய்விடலாம். எனக்கு அது குறுக்கு வழி. எதையும் வாங்குவதில்லை, அங்கே ஒரு சட்டைக்குக் கேட்கிற விலையில் வீட்டுக்கு மளிகையே வாங்கிவிடலாம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!" என்பார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும்.

பழைய சந்தை இருந்த இடத்தில் 1898இல் திறந்த கட்டடம் இது. அப்போது கடுமையான பொருளாதார மந்தம். வேலையில்லாமல் இருந்த கல்தச்சர்களுக்கும் வண்ணக்கண்ணாடிக் கைவினைஞர்களுக்கும் பிழைப்பு கிடைக்கட்டும் என்று, ஜார்ஜ் மெக்ரே போட்ட வரைபடத்தில் அலங்காரத்துக்குக் குறையே வைக்கவில்லை. அடித்தளத்தில் சந்தை, மேலே கடைகள், ஒரு கச்சேரி மண்டபம். சீன வணிகர் குவாங் டார்ட் இங்கே நடத்திய தேநீர் விடுதி ஊரறிந்தது.

ஆனால் போட்ட காசு திரும்பவில்லை. மாநகராட்சி கைவைக்க ஆரம்பித்தது. கச்சேரி மண்டபம் நூலகமாயிற்று. 1930களில் மின்துறை அலுவலகம் குடியேறியது. தடுப்பு மேல் தடுப்பு. கடைசியில், சொந்தக்காரர்களே அசிங்கப்படுத்திய கட்டடத்தை "அசிங்கமாக இருக்கிறது, இடிப்போம்" என்றார்கள்! மேலே திறந்தவெளி, கீழே கார் நிறுத்துமிடம், இதுதான் 1959இல் மேயர் ஜென்சன் சொன்ன யோசனை. காப்பாற்றுவோம் என்ற அறிவிப்பு 1971இல்தான் வந்தது. அதன்பிறகும் பல வருஷம் பேச்சோடு சரி.

மீட்டது ஈப்போ கார்டன் என்ற மலேசிய நிறுவனம். 99 வருஷக் குத்தகை. தடுப்புகளை எடுத்து, தரை ஓடுகளைச் செப்பனிட்டு, 1986இல் மறுபடி கடைவீதியாகத் திறந்தார்கள். பொதுச்சொத்தைத் தனியாருக்குக் கொடுத்தது சரியா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கடைக்கென்று கட்டியதைக் கடைக்கே விட்டதால்தான் அந்த நடுக்கூடத்து வெளிச்சம் திரும்பக் கிடைத்தது. மின்துறை மேசைகளுக்கு அது தேவைப்படவே இல்லை. விலைகள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு, அது தனி.

வாசலில் உட்கார்ந்திருக்கும் விக்டோரியா சிலைகூட இந்த ஊருடையது அல்ல. டப்ளினில் வேண்டாமென்று 1948இல் அகற்றி, எங்கோ போட்டு வைத்திருந்தது. பக்கத்தில் ராணியின் செல்ல நாய் ஐலாவின் சிலை. பதிவுசெய்த ஆண்குரலில் பேசிக் காசு கேட்கும். காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான நிதி. போன வாரம் ஒரு குழந்தை காசைப் போட்டுவிட்டு, நாய் நன்றி சொன்னதும் மிரண்டுபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அப்புறம் மெதுவாக எட்டிப் பார்த்து, இன்னொரு காசு கேட்டது.