மருந்து வாங்க வருபவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு

அந்தக் காணொளியை இங்கே மறுபடியும் இணைத்து, அதற்கு இன்னும் சில நூறு பார்வையாளர்களைத் தேடிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் காரில் அமர்ந்தபடியே, எச்.ஐ.வி. உள்ளோருக்கு இலவசமாக மருந்து தரும் ஓர் அரசு ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலைக் காட்டி, "ஒழுங்காக வாழ்ந்து கேன்சர் வந்தவன் சொத்தை விற்கிறான், ஊர் மேய்ந்துவிட்டு வந்தவனுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை சும்மா" என்று பேசியது. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை என்று தொடங்கத்தான் நினைத்தேன். இருக்கிறது. அதைவிட, அதன் கீழே இதயக் குறி இட்டவர்களில் என்னோடு படித்தவர்களும், என் வீட்டில் சாப்பிட்டவர்களும் இருந்ததுதான் இரண்டு நாட்களாக உறுத்துகிறது.

சொல்ல வந்தது ஒன்றுதான். எச்.ஐ.வி. மருந்து யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அன்று. ஆகவே அதைப் பெறுபவரின் ஒழுக்கத்தை எடைபோடும் தகுதி, காரில் இருப்பவருக்கும் கிடையாது, கைப்பேசியில் பார்ப்பவருக்கும் கிடையாது.

1996 வாக்கில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தக் கிருமியை அடக்கி வைக்கலாம் என்பது உறுதியானபோது, ஒருவருக்கு ஓராண்டுக்கான மருந்தின் விலை 10,000 டாலருக்கும் மேல். அமெரிக்காவில் நோயாளிகள் படுக்கையிலிருந்து எழுந்து வேலைக்குப் போனார்கள். ஆப்பிரிக்காவிலும் இங்கேயும் சாவு குறையவில்லை. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தராமல், அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்து, வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய வழிவிட்ட நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருந்ததால்தான், 2001 பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுப் ஹமீத் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்கு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தர முடியும் என்று அறிவிக்க முடிந்தது. அதே நேரத்தில், மலிவு மருந்துக்கு வழி செய்யும் சட்டத்தை இயற்றியதற்காகத் தென்னாப்பிரிக்க அரசின் மீது 39 மருந்து நிறுவனங்கள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தன. உலகம் முழுவதும் எழுந்த எதிர்ப்பைத் தாங்க முடியாமல், அந்த ஆண்டு ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, பொது சுகாதாரத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளுக்குக் காப்புரிமை ஒப்பந்தம் தடையாக இருக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. நோயாளிகளும் அவர்களோடு நின்றவர்களும் தெருவில் இறங்கியதால் குறைந்த விலை இது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையாக, ஏழை நாடுகளுக்கு ஓராண்டுக்கு 45 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. இதில் பிச்சை எங்கே இருக்கிறது?

என் சித்தப்பாவைப் பற்றி எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். 2000-இல் தொடர்ந்து காய்ச்சலும் எடைக் குறைவும் வந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். பரிசோதனை முடிவு வந்த அன்று மாலையே அவருடைய கட்டிலை நடைக்கூடத்தின் கோடிக்குத் தள்ளினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு சித்தி அவரை மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே மனிதராக நடத்தினார்கள், காசநோய்க்கு மருந்து கொடுத்தார்கள். ஆனால் கிருமியை அடக்கும் கூட்டு மருந்து அப்போது அரசு மருத்துவமனையில் கிடையாது. வெளியில் வாங்க வேண்டும். சித்தி ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்து வாங்கினார். பணம் இருந்த மாதம் மாத்திரை இருந்தது, இல்லாத மாதம் இல்லை. அப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகி, பிறகு அந்த மருந்து வேலை செய்யாமலே போய்விடும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பணத்துக்கு எங்கே போவது?

கசப்பான பகுதி இனிமேல்தான். நம் நாட்டில் தயாரான மாத்திரை கடல் தாண்டிப் போய் ஆப்பிரிக்க உயிர்களைக் காத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், நம் அரசு அதைத் தன் சொந்த மக்களுக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. 2003 நவம்பர் 30 அன்றுதான், நோய் அதிகமாக இருந்த ஆறு மாநிலங்களில் இலவசமாக வழங்கப்போவதாக அன்றைய மத்திய அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அறிவித்தார். 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் அது தொடங்கியது, தாம்பரம் அவற்றில் ஒன்று. அறிவிப்பு வந்த நாளிதழைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டியது நான். "தாம்பரத்துலயுமா?" என்று கேட்டார். பொங்கலுக்கு முன் போய்விட்டார்.

இனி, வரப்போகும் பதில்களுக்கு வருகிறேன்.

"அக்கா, அவர் வரிப்பணத்தைப் பற்றித்தான் பேசினார், நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று ஒரு தம்பி எழுதுவார். சரி, கணக்கே பேசுவோம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, மத்திய அரசு ஒதுக்கியது சுமார் 15,472 கோடி ரூபாய். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 22 ரூபாய் வருகிறது. காணொளிக்காரர் அந்த மையத்துக்கு எதிரே காரை நிறுத்தியபோது குடித்த தேநீருக்கு இதற்கு மேல் கொடுத்திருப்பார். இந்தப் பணத்தில் பரிசோதனை, தடுப்பு, மருந்து அனைத்தும் அடக்கம். மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் இன்னொருவருக்குத் தொற்று பரவுவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. அந்த 22 ரூபாய் உங்கள் பிள்ளைகளின் தலைமுறைக்கும் சேர்த்துத்தான் செலவாகிறது.

"கேன்சர் நோயாளிக்கு ஏன் இல்லை?" நியாயமான கேள்வி, கேட்கும் இடம்தான் தவறு. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸ் நிறுவனம், மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தரும்படி பின்னாளில் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தில், பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவே செல்லாது என்று வழக்குத் தொடுத்தது எங்கே தெரியுமா? நம் சென்னை உயர் நீதிமன்றத்தில். 2007-இல் அது தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அந்த வழக்கில் புற்றுநோயாளிகளின் அமைப்பு ஒன்று நோவார்ட்டிஸை எதிர்த்து நின்றது, எச்.ஐ.வி. உள்ளோரின் அமைப்புகள் அதே 3(டி) பிரிவைக் காக்கத் தெருவில் நின்றன. அவர்கள் ஒருவருக்காக ஒருவர் நின்றபோது, "ஒழுங்காக வாழ்ந்த" நாம் எங்கே இருந்தோம்? கேன்சருக்கு மருந்து கேட்க வேண்டுமென்றால் வாருங்கள், நானும் வருகிறேன். பக்கத்து வரிசையில் நிற்பவரின் மாத்திரையைப் பிடுங்கித்தான் அதைக் கேட்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

"இவர்கள் ஒழுங்காகச் சாப்பிடவா போகிறார்கள், வெளியே விற்றுவிடுவார்கள்" என்றும் காணொளியில் ஒரு வரி வருகிறது. இதுவும் புதிதன்று. 2001-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகாரம் பார்த்து நேரத்துக்கு மாத்திரை சாப்பிடத் தெரியாது என்ற பொருளில் பேசினார். பிறகு 2006-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டவர்கள் ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம். விற்றுவிடுவார்களாம்! 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசலில் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்து போராடியவர்கள் இவர்கள்தான்.

காப்புரிமை இல்லாவிட்டால் யார் புதிய மருந்து கண்டுபிடிப்பார்கள் என்பவர்களுக்கு அதிகம் எழுதும் பொறுமை எனக்கு இல்லை. எச்.ஐ.வி.க்கு முதலில் வந்த மருந்தான ஏ.இசட்.டி., 1964-இல் அமெரிக்க அரசின் பணத்தில், புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட பொருள். அவ்வளவுதான்.

தர்மம் என்று ஒத்துக்கொண்டால் என்ன குடி முழுகிப் போகும் என்றும் ஒருவர் கேட்டார். 2025 ஜனவரியில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டு உதவி நின்றது. தென்னாப்பிரிக்காவில் அந்தப் பணத்தில் நடந்த சிகிச்சையகங்கள் சில மூடப்பட்டன. கொடுத்தவர் கையை எடுத்தால் வாங்கியவர் சாக வேண்டியதுதான் என்பதே தர்மத்தின் விதி. அதே ஆண்டில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் தொற்றைத் தடுக்கும் லெனாகாபவிர் ஊசி வந்தது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலர். 2027 முதல் 120 நாடுகளுக்கு 40 டாலரில் தருவதாக இந்திய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன; ஆனால் ஊசியைச் சோதித்துப் பார்க்கத் தங்கள் மக்களைத் தந்த பிரேசில் போன்ற நாடுகள் அந்தப் பட்டியலில் இல்லை. தகுதி பார்த்துக் கொடுப்பது என்பது இப்படித்தான் முடியும்.

இன்னொன்று. 1986-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தத் தொற்று கண்டறியப்பட்டது இதே சென்னையில், சென்னை மருத்துவக் கல்லூரியில், சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி நிர்மலா செய்த ஆய்வில். நம் பண்பாட்டில் அதெல்லாம் வராது என்றுதான் அப்போதும் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த ஊரில் ஒருவர் காரில் உட்கார்ந்து அதையே வேறு சொற்களில் சொல்கிறார், நாம் இதயக் குறி இடுகிறோம். எச்.ஐ.வி. உள்ளோர் மீது வெறுப்பைப் பரப்பும் பேச்சைத் தடை செய்யும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4-ஆம் பிரிவை அவருக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கைகூப்பும் குறி ஒன்று வந்தது.

சித்தப்பாவுக்கு எப்படித் தொற்று வந்தது என்று நான் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ரத்தம் ஏற்றியதில் வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் இந்தப் பதிவுக்கு இரக்கம் இரண்டு மடங்காகும் என்பது எனக்கும் தெரியும். சேர்க்க மாட்டேன். உட்பெட்டியில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.