லிங்கன் காரைத் தொடங்கியவர் ஃபோர்டு அல்லர்

'செல்வந்தர்களுக்கென ஹென்றி ஃபோர்டு 1922-இல் தொடங்கிய நிறுவனமே லிங்கன்' என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. முதல் உலகப் போருக்காக லிபர்ட்டி விமான எஞ்சின்களைத் தயாரிக்க, ஹென்றி லீலண்ட் தம் மகன் வில்ஃபிரடுடன் 1917-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய நிறுவனம் அது. போர் முடிந்து, 1920-இல் கார் தயாரிப்பில் இறங்கியபோது விற்பனை மந்தம், வரி நெருக்கடி எனக் கடனில் மூழ்கி, 1922 பிப்ரவரியில் நீதிமன்றம் வழி விற்பனைக்கு வந்த அதை ஃபோர்டு 80 லட்சம் டாலருக்கு வாங்கினார்; சில மாதங்களிலேயே லீலண்டுகள் வெளியேற்றப்பட்டனர். ஃபோர்டு 1902-இல் விட்டு விலகிய நிறுவனத்தைக் கெடிலாக் என்ற சொகுசு கார் நிறுவனமாக மாற்றியவரும் இதே லீலண்ட்தான் என்பது, பகிரப்படும் கதையைவிடச் சுவையானது. அக்கால அமெரிக்க நாளிதழ்களிலும் மிச்சிகனில் உள்ள லிங்கன் அருங்காட்சியகத்திலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம்.