மில்ட்ரெட் போப் நாவல் பாத்திரம் அல்ல

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். கொஞ்சம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி வந்து குவிந்த கருத்துகளைப் படித்த பிறகு பொறுக்க முடியவில்லை.

தலைப்பு, மொழித்துறைப் பெண் பேராசிரியர்கள். அதில் பிரெஞ்சு மொழியின் வரலாற்றை ஆராய்ந்த மில்ட்ரெட் போப்புக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்லைடு. துப்பறியும் கதைகள் எழுதிய டோரதி சேயர்ஸின் ஆசிரியை. சேயர்ஸின் ‘கௌடி நைட்’ நாவலில் மிஸ் லிட்கேட்டாக வருகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறதி அதிகம். மாணவிகளிடம் பிரியமானவர். முடிந்தது. என்ன படித்தார், என்ன எழுதினார், எதைக் கண்டுபிடித்தார்? ஒரு வாக்கியம்கூட இல்லை. நான் கேட்டதற்கு, “மேடம், கோபப்படாதீங்க, நேரம் இல்லை” என்றார்கள். சேயர்ஸின் துப்பறியும் கதைகளுக்கு மட்டும் நேரம் இருந்தது.

சரி, நேரம் இங்கே இருக்கிறது. நானே சொல்கிறேன்.

போப் 1872-இல் பிறந்தவர். 1891-இல் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் என்ற பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். 1893-இல் நவீன மொழிகளில் முதல் வகுப்பு. ஆக்ஸ்போர்டு ஆண்களுக்கு அந்தப் பாடத்தில் தனிப் பட்டப்படிப்பே 1903-இல்தான் வந்தது. பெண்கள் தனித் தேர்வு எழுதினார்கள், பட்டம் மட்டும் கிடையாது. பழைய பிரெஞ்சு சொல்லித்தர அவருக்கு ஆள் இல்லை. பேஜெட் டாயின்பீ என்ற அறிஞரிடம் கடிதம் மூலம் கற்றார். பிறகு பாரிஸ் போய், பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஆஞ்சியேயின் மொழியை ஆராய்ந்து 1904-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தத் துறவி ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து எழுதியவர். அவர் கைப்பட எழுதிய பிரதி இருப்பது பாரிஸில். ஆக்ஸ்போர்டு தன் பட்டத்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது 1920-இல். அதாவது, பாரிஸ் டாக்டர் ஆக்கிய பெண்ணுக்கு அவர் பாடம் நடத்திய ஊர் பதினாறு வருஷம் பி.ஏ. கூடக் கொடுக்கவில்லை. இதைவிட அந்த மறதி முக்கியமா?

1928-இல் ஆக்ஸ்போர்டில் ரீடர் பதவி, அதாவது பேராசிரியருக்கு அடுத்த நிலை, பெற்ற முதல் பெண் அவர்தான். 1934-இல் மான்செஸ்டரில் பேராசிரியர். அறுபத்திரண்டு வயதில்! நாற்பது வருஷம் ஒரே கல்லூரியில் பாடம் நடத்திய பிறகு. அதே 1934-இல்தான் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. கோல் நாட்டில், அதாவது பழைய பிரான்ஸ் பகுதியில், மக்கள் பேசிய லத்தீன் ஒலி ஒலியாக மாறி எப்படி பிரெஞ்சு ஆனது என்று சொல்லும் புத்தகம். இங்கிலாந்தில் பேசிய பிரெஞ்சை, அந்த ஆங்கிலோ நார்மனை, கெட்டுப்போன பிரெஞ்சு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர் அதற்கு அந்தப் புத்தகத்தில் தனிப் பகுதியே கொடுத்தார். அதற்கும் விதிகள் உண்டு, வரலாறு உண்டு என்று காட்டினார்.

உடனே ஒருவர் எழுதுகிறார்: “சேயர்ஸ் அன்போடுதானே அந்தப் பாத்திரத்தைப் படைத்தார், இதில் என்ன அவமரியாதை?” சேயர்ஸ் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்த நாவலை நீங்கள் படித்திருந்தால் தெரியும், மிஸ் லிட்கேட் அதில் ஒரு பெரிய ஆய்வு நூலைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறார். அந்த நூலின் அச்சுப் பிரதியை யாரோ நாசம் செய்வது கதையின் முக்கியமான சம்பவம். நாவலாசிரியைக்கு நினைவிருந்த வேலை, வரலாறு பேச வந்தவர்களுக்கு எப்படி மறந்தது?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

எனக்கு பிரெஞ்சு சொல்லித்தந்த பேராசிரியை ஓய்வுபெற்ற நாள். அன்றே இன்னொரு துறையின் ஆண் பேராசிரியருக்கும் ஓய்வு. ஒரே மேடை. அந்த ஆண் பேராசிரியரின் கட்டுரைகளை வருஷ வாரியாக வாசித்தார்கள், எந்தக் கருத்தரங்கு, எந்த இதழ் என்று. எங்கள் மேடத்தின் முறை வந்தது. “எங்களுக்கெல்லாம் அம்மா மாதிரி” என்றார் ஒருவர். அடுத்தவர் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை என்றார். மூன்றாமவர் அவர் கட்டும் புடவைகளைப் பற்றிப் பேசினார். எல்லாரும் மனதாரத்தான் பேசினார்கள், எனக்குத் தெரியும். ஆனால் குதிரையைக் குறிக்கும் லத்தீன் ‘கபல்லுஸ்’ எப்படி பிரெஞ்சில் ‘ஷெவால்’ ஆனது என்று கரும்பலகையில் அவர் ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டிய வகுப்பை ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு அந்த மேடையில் இருந்த யாருக்கும் தெரியாது. விழா முடிந்து நான் பொருமியபோது, “விடுடி, பழகிப்போச்சு” என்றார் மேடம். எனக்குப் பழகவில்லை. இன்றும் பழகவில்லை.

“அன்பானவர் என்று சொன்னால் அது பாராட்டுதானே?” பாராட்டுதான். ஆனால் அது மட்டுமே சொல்லப்படும்போது, அவர் செய்த வேலையை யாரோ எடுத்து ஒளித்துவைத்த மாதிரி இருக்கிறது. ஆண் பேராசிரியரின் மறதியைச் சொன்னால் கூடவே அவருடைய நூலையும் சொல்கிறீர்கள். பெண்ணிடம் மறதியோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதைத் தவறாமல் சேர்க்கிறீர்கள். எந்த ஆண் அறிஞரின் ஸ்லைடில் அது இருந்தது? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எதிலும் இல்லை.

“வரலாற்று மொழியியல் யாருக்குப் புரியும்?” என்ற கேள்விக்கு எனக்குப் பொறுமை இல்லை. புரியும்படி சொல்வது பேச வந்தவர் வேலை.

“எங்கோ இங்கிலாந்துக்காரிக்காக இத்தனை ஆத்திரமா?” ஆமாம். அந்தக் கூட்டத்தில் எலைசா பட்லரின் பெயரே வரவில்லை. அதற்கும் எனக்கு ஆத்திரம்தான். 1945-இல் கேம்பிரிட்ஜில் ஜெர்மன் துறையில் ஷ்ரோடர் பெயரிலான பேராசிரியர் பதவிக்கு வந்தவர். கேம்பிரிட்ஜில் படித்த பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948-இல்தான். பேராசிரியர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் படிக்கும் மாணவிக்கு முழுப் பட்டம் இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதுமே, மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்குமே. அதை விட்டுவிட்டு மறதியும் பிரியமுமா?

கடைசியாக ஒருவருக்கு. போப்பைப் பற்றி “பாவம், ஓய்வுக்குப் பிறகு தனிமையில் காலம் தள்ளியிருப்பார்” என்று எழுதியவருக்கு. யாரையும் பார்த்துப் பாவம் சொல்வதற்கு முன் அவர் என்ன செய்தார் என்று தேடிப் பாருங்கள். போப் 1939-இல் ஓய்வுபெற்றார். அதற்குச் சற்று முன்பு தொடங்கிய ஆங்கிலோ நார்மன் நூல் கழகத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1952-இல் தன் பெரிய புத்தகத்தைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோமா என்பவர் ஐயாயிரம் வரிகளுக்கு மேல் எழுதிய ஹார்ன் கதைப்பாடலைப் பதிப்பித்து, அதன் முதல் தொகுதியை 1955-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 83. அடுத்த வருஷம் இறந்தார். இரண்டாம் தொகுதியை ரீட் என்ற அறிஞர் முடித்து 1964-இல் கொண்டுவந்தார்.

இதில் எந்த இடத்தில் பாவம் என்று தோன்றியது? எழுதியவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். பதில் சொல்லட்டும்.