அபிஜானின் மஞ்சள் சட்டைக்காரர்கள்

ஆப்பிரிக்கக் கால்பந்துக் கழகங்களின் பெருமையைக் கோப்பைகளை மட்டும் எண்ணி அளப்பவர்கள், ஐவரி கோஸ்ட்டின் அசெக் மிமோசாவை நடுவரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். கண்டத்தின் சாம்பியன்ஸ் லீக்கை அது ஒரே ஒருமுறைதான் வென்றிருக்கிறது. கெய்ரோவின் அல் அஹ்லிக்கு முன்னால் அது சிறு கணக்குதான். ஆனாலும் மேற்கு ஆப்பிரிக்கக் கால்பந்தின் போக்கையே மாற்றிய கழகம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் அசெக் என்றே சொல்வேன்.

1948இல் அபிஜான் நகரில் தொடங்கிய இந்தக் கழகத்தின் பெயரிலுள்ள ‘அசெக்’ என்பது, வணிக நிறுவன ஊழியர்களின் விளையாட்டுச் சங்கம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் சுருக்கம். 1989இல் ரோஜே உவேனின் தலைவரானபின் அதன் பொற்காலம் பிறந்தது. அந்த ஆண்டு முதல் 1994 வரை உள்நாட்டு லீக்கில் தொடர்ந்து 108 ஆட்டங்களில் அது தோற்கவே இல்லை. இருந்தும் சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடியான சாம்பியன்ஸ் கோப்பையின் 1995 இறுதியில், ஜோகன்னஸ்பர்க்கில் ஒர்லாண்டோ பைரேட்ஸ் அணியுடன் 2-2 எனச் சமன் செய்துவிட்டு வந்து, சொந்த ஊரில் ஒரே கோலில் கோப்பையைப் பறிகொடுத்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1998 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஹராரேயின் டைனமோஸ் அணியை அதே அபிஜானில் 4-2 என வென்றபோதுதான் அந்தக் காயம் ஆறியது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது, 1990களின் நடுவில் முன்னாள் பிரெஞ்சு ஆட்டக்காரர் ழான்-மார்க் கியூவும் உவேனினும் சேர்ந்து தொடங்கிய பயிற்சிப் பள்ளியைத்தான். தெருவிலும் மணல் திடலிலும் ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்க இடமும் உணவும் பள்ளிக் கல்வியும் கொடுத்து, தொடக்கத்தில் வெறுங்காலோடு ஆடவிட்டுப் பந்தின் மீதான உணர்வை வளர்த்தார்கள். உடல் வலுவுக்காக ஆப்பிரிக்க வீரர்களைத் தேடுவதே ஐரோப்பியத் தரகர்களின் வழக்கமாக இருந்த காலத்தில், நுட்பத்தையே அடித்தளமாக வைத்த பள்ளி அது.

அதன் பலன் 1999 பிப்ரவரியில் தெரிந்தது. கோப்பை வென்ற மூத்த வீரர்கள் பலர் விலகியிருந்த நிலையில், ஆப்பிரிக்க சூப்பர் கோப்பைக்காகத் துனிசின் எஸ்பெரான்ஸ் அணிக்கு எதிராக அசெக் இறக்கியது பெரும்பாலும் பதின்வயதுப் பள்ளி மாணவர்களை. அனுபவம் மிக்க அந்த அணியைப் பையன்கள் கூடுதல் நேரத்தில் 3-1 என வீழ்த்தினார்கள். கழகத்தின் வரலாற்றில் 1998 கோப்பையைவிட இந்த ஆட்டத்தையே நான் மேலே வைப்பேன். வென்றவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே உருவானவர்கள்.

அவர்களில் ஒருவரான கோலோ டூரே 2002இல் இங்கிலாந்தின் ஆர்சனலுக்குப் போய், 2003-04 பருவத்தில் தோல்வியே காணாமல் லீக்கை வென்ற அணியின் மையத் தடுப்பாளரானார். அவருடைய தம்பி யாயா டூரே 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை ஆப்பிரிக்காவின் சிறந்த வீரரானார். சோகோரா, எபுவே, சாலமன் கலூ, ஜெர்வினோ என அந்தப் பட்டியல் நீள்கிறது. ஐவரி கோஸ்ட் முதன்முறையாகத் தகுதி பெற்ற 2006 உலகக் கோப்பையில், அணியின் பெரும்பகுதி அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான்.

ஆனால் 1998க்குப் பிறகு அசெக் ஒருமுறைகூடச் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு வரவில்லை என்பது என்னை உண்மையாகவே வருத்துகிறது. இருபது வயதுக்குள் வீரர்கள் கடல் கடந்துவிட, உள்ளூர் ரசிகர்கள் அவர்களின் உச்ச ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார்கள். ஒரு வீரர் கைமாறும்போது, 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கழகங்கள் எல்லாம் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ள ஃபிஃபா ஒதுக்குவது கட்டணத்தில் 5 விழுக்காடுதான். ஒரு நாட்டின் தலைமுறையையே உருவாக்கிய கழகத்துக்கு இது நியாயமான ஈடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2015 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் ஐவரி கோஸ்ட்டுக்கும் கானாவுக்கும் இடையிலான பெனால்டி உதைகள் கோல்கீப்பர்கள் வரை நீண்டன. கானா கோல்கீப்பரின் உதையைத் தடுத்துவிட்டு, தானே வந்து வெற்றி கோலை அடித்து 9-8 என முடித்து வைத்தவர் பூபக்கர் பாரி. அவரும் அசெக்கில் வளர்ந்தவரே.