குடிக்கறது வண்டி இல்லீங்க, கால்!

"உங்க வண்டி பெட்ரோலைக் குடிக்குதுங் மாமா, பேசாம வித்துப்போடுங்க."

எல்லாரும் ஒண்ணாத் தாளவாடி மலைக்குப் போய்ட்டு வந்து சாவியை நீட்டறப்போ, வண்டி ஓட்டுன மச்சினன் சொன்னது இது. ஒரு வாரமாச்சு, இன்னும் எனக்கு ஆறலை.

இந்தக் காரை வாங்குன நாள்ல இருந்து ஒவ்வொரு தடவையும் டேங்கை நிரப்பி, லிட்டரும் கிலோமீட்டரும் நோட்டுல எழுதி வெக்கறவன் நான். என் கையில லிட்டருக்கு 18 கிலோமீட்டருக்குக் கீழ போனதில்லை. அவன் எடுத்துட்டுப் போனா 13. அதே வண்டி, அதே பங்க், டயர்ல அதே காத்து. பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேல விக்குது, வலிக்காதா?

அவிநாசி தாண்டி பைபாஸ் ஏறிட்டான்னா முள்ளு 110ஐ விட்டு இறங்காது. பெருந்துறைக்கு 40 கிலோமீட்டர் வெச்சுக்கோங்க. 80ல போனா அரை மணி, 110ல போனா 22 நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்துக்கு என்ன கொடுக்கறோம் தெரியுங்களா? காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80ல இருந்து 110க்குப் போனா கிட்டத்தட்ட ரெட்டிப்பு. ஆடி மாசம் கோயமுத்தூர் பக்கம் திரும்பறப்போ பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற நேரா மூஞ்சியில அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காத்தாடி நிக்கறது அதை நம்பித்தானே! எதிர்காத்து 30ல அடிச்சா, 80ல போற வண்டியே 110ல காத்தைக் கிழிக்கற கணக்குதான். அன்னைக்கும் மிதிப்பான்.

கியரைச் சொன்னா வயிறு எரியுது. சமதளத்துல 50ல போறப்போ மூணாவதுலயே வெச்சு இன்ஜினைக் கத்த விடுவான். நாலுக்கு மாத்துனா இன்ஜின் சுத்து குறைஞ்சு, உள்ள வீணாப் போற சக்தியும் குறையும். தாளவாடி போற வழியில திம்பம் மலை மேட்டுல அப்படியே தலைகீழ். 20ல ஊர்ந்துட்டு மூணாவதை விடமாட்டேங்கறான். கியர் ராடு கையில நடுங்குது, கதவுல சொருகுன தண்ணி பாட்டில் கடகடன்னு ஆடுது, ஆக்ஸிலேட்டர் தரையோட தரையா. "ரெண்டுக்குப் போப்பா"ன்னா, "செகண்ட்ல பெட்ரோல் சாப்புடுங் மாமா"ங்கறான். இழுக்க முடியாத கியர்ல முழுசா மிதிச்சாத்தான் சாமி இன்னும் சாப்புடும்!

இறங்கறப்போ பண்ணுனதைத்தான் என்னால மன்னிக்கவே முடியலை. 27 கொண்டை ஊசி வளைவு. நியூட்ரல்ல தள்ளிட்டு உருட்டறான், பெட்ரோல் மிச்சமாம். பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடற கார்புரேட்டர் வெச்ச பழைய வண்டி காலத்துப் பேச்சு அது. இப்போ இருக்கற, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சற இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல இருந்துட்டு ஆக்ஸிலேட்டர்ல காலை எடுத்தா, சக்கரமே இன்ஜினைச் சுத்த வெக்கும், இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோட நிறுத்திக்கும். நியூட்ரல்லதான் இன்ஜின் அணையாம இருக்க பெட்ரோல் ஊத்தியாகணும். மிச்சம்னு நெனைச்சு செலவு பண்றான். அதுவும் போகட்டும். இன்ஜின் புடிக்காத வண்டியை மொத்தமும் பிரேக்தானே தாங்கோணும்? பாதி மலை இறங்கறதுக்குள்ள கருகுன நாத்தம். பின்சீட்டுல அம்மா, மோந்து பாத்துட்டிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீழ விட்டுட்டு என் தோளைப் புடிச்சாங்க. "ஏங்கண்ணு, என்னமோ தீயுதே"ன்னாங்க. ஓரமா நிறுத்தச் சொல்லி, அரை மணி நேரம் சக்கரம் ஆறறதுக்குக் காத்துக் கெடந்தோம்.

அந்த வாயிதான் வீடு வந்து வண்டியைக் குத்தம் சொல்லுது. அடுத்த வாரம் காங்கேயத்துல கல்யாணம், சாவி கேட்டு இப்பவே ரெண்டு போன் வந்தாச்சு. பஸ்ல போகச் சொல்லிட்டேன்.